அதிபரை நடுவிலேயே இறக்குவதா, தேர்தல் வரை பொறுப்பதா?

பதவியில் இருக்கும் அதிபர் பெரிய தப்பு ஒன்றைச் செய்திருக்கிறார் என்று தெரிய வருகிறது. இப்போது என்ன செய்வது? உடனே நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டி இம்பீச்மென்ட் கொண்டுவருவதா, அடுத்த தேர்தலில் மக்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதா, பதவிக்காலம் முடிந்தபிறகு கோர்ட்டில் நிறுத்துவதா, இல்லை ஒரு கண்டனத் தீர்மானம் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதா? நான்கையும் ஏதாவது ஒரு நாடு செய்து பார்த்திருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடுகிற எம்.எல்.ஏ.க்களைத் தேர்ந்தெடுப்பவரும், பிரான்ஸ் அதிபருக்கே நேரடியாக இங்கிருந்தபடி ஓட்டுப் போடுகிற சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்) வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஊர் இது. பிள்ளை அமெரிக்காவில் இருக்கும் வீட்டைச் சொல்லவே வேண்டாம், அங்கே வாஷிங்டன் செய்திதான் காலை காபியோடு ஓடுகிறது.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதரை இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ அந்த நாற்காலியில் விட்டுவைத்தால் அடுத்த தேர்தல் ஒழுங்காக நடக்குமா, நடந்தால் அதன் முடிவுக்கு அவர் கட்டுப்படுவாரா? ஆம் என்று மனசாரச் சொல்ல முடிந்தால், எவ்வளவு கோபம் இருந்தாலும் தேர்தல் வரை பொறுக்கலாம். அதிலேயே சந்தேகம் வந்துவிட்டதென்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. அவர் எந்தக் கட்சி, நமக்குப் பிடித்தவரா, செய்தது எவ்வளவு அசிங்கம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

இதைப் பேசும்போது நம் ஊரில் ஒரு குழப்பம் எப்போதும் வரும், அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி 22 அன்று புதுச்சேரி சட்டமன்றத்தில் ஆட்சி கவிழ்ந்ததை எல்லோரும் பார்த்தோம். எம்.எல்.ஏ.க்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள், பெரும்பான்மை போனது, அரசு போனது. முதல்வர் குற்றம் ஏதும் செய்தாரா என்று அங்கே யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, எண்ணிக்கை இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. அமெரிக்கா, தென் கொரியா, பிரேசில் மாதிரி நாடுகளில் அதிபரை மக்கள் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு என்று தேர்ந்தெடுக்கிறார்கள், சபையில் ஆதரவு குறைந்தது என்பதற்காக அவரை இறக்க முடியாது, பெரிய குற்றம் இருந்தால்தான் முடியும். அமெரிக்க அரசியலமைப்பு தேசத்துரோகம், லஞ்சம், மற்ற பெரும் குற்றங்களும் தவறான நடத்தைகளும் என்று எழுதி வைத்திருக்கிறது. கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவதுதான் இம்பீச்மென்ட், அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும்; மேல்சபையான செனட் விசாரித்துப் பதவியிலிருந்து நீக்க, வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதை நம்பிக்கையில்லாத் தீர்மானம் மாதிரி நினைத்துப் பேச ஆரம்பித்தால் எந்த முடிவும் தப்பாகத்தான் வரும்.

சரி, முதலில் தேர்தல் வரை பொறுப்பது. இதன் பலம் சுலபமாகப் புரியும்: மக்கள் கொடுத்ததை மக்களே எடுக்கிறார்கள், தோற்ற பக்கமும் வாயை மூடிக்கொள்ளும். அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டன் விவகாரம் எனக்கு இந்த வழிக்கான உதாரணம். அவர் தன் அந்தரங்க உறவு பற்றிச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னார், அது தப்பு, அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யால் அமெரிக்காவின் அடுத்த தேர்தலுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. 1998 நவம்பரில் நடந்த இடைக்காலத் தேர்தலில் அவருடைய கட்சிக்குக் கீழ்ச்சபையில் இடங்கள் கூடவே செய்தன, அதாவது விஷயம் தெரிந்த பிறகும் மக்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் டிசம்பர் 19 அன்று சபை இம்பீச் செய்தது, 1999 பிப்ரவரி 12 அன்று செனட்டில் ஒரு குற்றச்சாட்டுக்கு 45 ஓட்டும் மற்றொன்றுக்கு 50 ஓட்டும்தான் விழுந்தன, தேவைப்பட்டது 67.

தென் கொரியாவில் 2004ல் இதைவிடத் தெளிவான பாடம் கிடைத்தது. அதிபர் ரோ மூ ஹ்யூன் ஒரு கட்சிக்கு ஆதரவாகப் பேசித் தேர்தல் நடுநிலையை மீறினார் என்று மார்ச் 12 அன்று தேசிய சபை 193க்கு 2 என்ற கணக்கில் அவரை இம்பீச் செய்தது. அடுத்த மாதமே நடந்த பொதுத்தேர்தலில் அவரை ஆதரித்த கட்சிக்கு மக்கள் 299ல் 152 இடங்களைக் கொடுத்தார்கள். மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம், அவர் சட்டத்தை மீறியது உண்மைதான், ஆனால் பதவியைப் பறிக்கும் அளவுக்கு அது கனமான மீறல் இல்லை என்று சொல்லி அவரைத் திரும்ப நாற்காலியில் உட்கார வைத்தது. சட்டத்தை மீறினாரா என்பது ஒரு கேள்வி, அதற்காகப் பதவியைப் பறிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி என்று அந்த நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. எந்த நாட்டிலும் இம்பீச்மென்ட் பற்றிப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு அது என்று நினைக்கிறேன்.

ஆனால் தேர்தலை நம்பிப் பொறுப்பதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மக்களுக்குத் தெரியாததை மக்கள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்கள்? வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் அதிபர் நிக்சனின் பிரசாரக் குழு ஆட்கள் புகுந்து பிடிபட்டது 1972 ஜூன் 17. அதே வருடம் நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். மூடி மறைக்கும் வேலை அந்த அளவுக்கு நன்றாக நடந்திருந்தது. இன்னொன்றும் உண்டு, இரண்டாவது முறை ஜெயித்த அமெரிக்க அதிபர் மறுபடி மக்கள் முன்னால் வரவே போவதில்லை, அவரைத் தேர்தல் தண்டிக்கும் என்பது வெறும் பேச்சு. அதோடு குற்றமே தேர்தலுக்கு எதிராக நடந்திருந்தால், ஓட்டுப்பெட்டியில் கை வைத்தவருக்கு எதிராக ஓட்டுப்பெட்டியிடமே நியாயம் கேட்கச் சொல்வது எப்படிச் சரியாகும்?

இரண்டாவது வழி, பதவிக்காலம் முடிந்ததும் கோர்ட். பிரான்ஸில் ஜாக் ஷிராக் விஷயம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பலருக்கு ஞாபகம் இருக்கும். பாரிஸ் மேயராக இருந்தபோது நடந்த காரியத்துக்காக அவர்மேல் வழக்கு, ஆனால் 1995 முதல் 2007 வரை அதிபராக இருந்த காலம் முழுக்க அவரைத் தொட முடியவில்லை. 2011 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது, இரண்டு வருட நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. பதவிக்கு வருவதற்கு முன் செய்த பணக்குற்றத்துக்கு இந்தத் தாமதத்தை நான் ஏற்றுக்கொள்வேன், நாட்டின் அன்றாட அதிகாரத்தை அது பெரிதாகக் கெடுக்கவில்லை.

அதிகாரத்தையே ஆயுதமாக்கிய குற்றத்துக்கு இதே வழியைச் சொன்னால் ஏற்க மாட்டேன். நிக்சன் விலகி ஒரு மாதத்தில், 1974 செப்டம்பர் 8 அன்று, ஜெரால்டு ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்புக் கொடுத்தார், கோர்ட் கதவு அதோடு மூடியது. 2024 ஜூலை 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில், அதிபர் தன் அலுவல் அதிகாரத்தைக் கொண்டு செய்த காரியங்களுக்கு வழக்கிலிருந்து பெரிய பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, அங்கே "அப்புறம் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் வாதம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டது. யார் எதிர்ப்பக்கம் நின்று சொன்னாலும் அந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கண்டனத் தீர்மானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1834ல் அமெரிக்க செனட் அன்றைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன்மேல் அப்படி ஒன்றைப் போட்டது. மூன்று வருடத்தில் அவருடைய ஆட்கள் செனட்டில் பெரும்பான்மையாகி அதைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். கிளின்டன் மாதிரி வழக்குக்கு அது போதும், அதற்குமேல் கனமான எதற்கும் போதாது. 25ஆவது திருத்தம் என்று ஒரு வழியையும் சிலர் சொல்வார்கள், துணை அதிபரும் பெரும்பான்மை அமைச்சர்களும் சேர்ந்து அதிபரால் வேலை செய்ய முடியவில்லை என்று அறிவிக்கும் வழி. அது மயங்கிக் கிடப்பவருக்கு எழுதியது, குற்றம் செய்தவருக்கு எழுதியதில்லை. அந்தப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தியதும் இல்லை.

இனி இம்பீச்மென்ட். இங்கே முதல் ஆபத்து, உண்மையான கோபம் ஒன்றாகவும் எழுதும் குற்றச்சாட்டு வேறொன்றாகவும் இருப்பது. 1868ல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன்மேல் இருந்த உண்மையான கோபம், உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலையான கறுப்பின மக்களின் உரிமைகளுக்கு அவர் ஒவ்வொரு படியிலும் குறுக்கே நின்றார் என்பதுதான், அது நியாயமான கோபமும்கூட. ஆனால் தாளில் எழுதியது என்ன? செனட்டின் சம்மதம் இல்லாமல் போர் அமைச்சர் ஸ்டான்டனை நீக்கினார் என்பது. நீக்கியது பிப்ரவரி 21, சபை இம்பீச் செய்தது பிப்ரவரி 24, குற்றச்சாட்டுகளை உட்கார்ந்து எழுதியதே அதற்குப் பிறகுதான்! செனட்டில் 35க்கு 19, ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து அவர் தப்பினார். எந்தச் சட்டத்தை மீறினார் என்று சொன்னார்களோ அந்தச் சட்டத்தையே 1887ல் நீக்கிவிட்டார்கள். அந்த மனிதர் பதவியில் நீடித்ததால் பாதிக்கப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது, ஆனால் அவசரமாகத் தப்பான இடத்தில் வழக்கைக் கட்டியவர்களும் அதற்கு ஒரு காரணம்.

பிரேசிலில் 2016ல் டில்மா ரூசெஃப் நீக்கப்பட்டதையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். பட்ஜெட் கணக்கில் செய்த சில ஏற்பாடுகள்தான் குற்றச்சாட்டு. ஆகஸ்ட் 31 அன்று செனட் 61க்கு 20 என்று நீக்கியது. அதே நாளில் தனி ஓட்டெடுப்பு வைத்து, அவர் வருங்காலத்தில் அரசுப் பதவி வகிக்கத் தடையில்லை என்றும் விட்டுவிட்டது. அதிபர் பதவியைப் பறிக்குமளவு பெரிய குற்றம், ஆனால் மறுபடி பதவிக்கு வரலாம் என்றால் அந்தக் குற்றத்தின் கனத்தை அவர்களே நம்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரான்ஸிலும் 2024ல் அதிபர் மக்ரோனுக்கு எதிராக அரசியலமைப்பின் 68ஆவது பிரிவைக் கையில் எடுத்தார்கள். அந்தப் பிரிவு, பதவியில் தொடர்வதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கடமைத் தவறு இருக்க வேண்டும் என்கிறது, இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் கேட்கிறது. தேர்தலில் அதிக இடம் பிடித்த இடதுசாரிக் கூட்டணியின் ஆளைப் பிரதமராக்கவில்லை என்பதுதான் அன்றைய முக்கியக் குறை. அந்தத் தீர்மானம் தேசிய சபையின் செயலகக் குழுவைத் தாண்டியது, அக்டோபரில் சட்டக் குழு நிராகரித்தது, சபையின் ஓட்டெடுப்புக்கு வரவே இல்லை. இங்கே சில சொல்தா குடும்பங்களில் அந்த முயற்சிக்கு ஆதரவாகவே பேசினார்கள், மக்கள் தீர்ப்பை மதிக்கவில்லை என்ற அவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் அதிபருக்கு உள்ள விருப்ப உரிமையை மோசமாகப் பயன்படுத்தினார் என்பதற்குத் தேர்தல்தான் பதில். அடுத்த தேர்தலை அவர் தடுக்கவும் இல்லை, தடுப்பார் என்று யாரும் சொல்லவும் இல்லை.

அப்படியானால் எவ்வளவு வேகம் சரி? இந்தக் கேள்விக்கு நிக்சனும் தென் கொரிய அதிபராக இருந்த யூன் சுக் இயோலும் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள், இரண்டுமே சரியாக நடந்தவை என்பதுதான் யோசிக்க வேண்டியது. நிக்சன் விஷயத்தில் குற்றம் ஒளிந்திருந்தது. 1973ல் செனட் குழு விசாரணை டிவியில் ஓடியது, வெள்ளை மாளிகைப் பேச்சுகள் டேப்பில் இருப்பது அந்த ஜூலையில் வெளிவந்தது, டேப்பைக் கொடு என்று உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று தீர்ப்பளித்தது 1974 ஜூலை 24. மூன்று நாளில் கீழ்ச்சபையின் நீதிக் குழு முதல் குற்றச்சாட்டை 27க்கு 11 என்று நிறைவேற்றியது, அதில் ஆறு பேர் நிக்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 9 அன்று அவர் விலகினார். ஒரு வருடத்துக்கும் மேல் ஆன அந்தப் பொறுமை வீண்போகவில்லை, ஆதாரம் துண்டு துண்டாக வெளியே வந்து சொந்தக் கட்சியையே மாற்றியது. அவசரப்பட்டு 1973லேயே ஓட்டெடுப்பு வைத்திருந்தால் அவர் தப்பித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

யூன் விஷயத்தில் ஒளிந்திருந்தது ஒன்றுமே இல்லை. 2024 டிசம்பர் 3 ராத்திரி ராணுவச் சட்டத்தை அறிவித்தார், சிப்பாய்கள் தேசிய சபைக் கட்டடத்துக்குள் நுழைவதை நாடே பார்த்தது, உறுப்பினர்கள் எப்படியோ உள்ளே போய் 190 ஓட்டில் அதை ரத்து செய்தார்கள். டிசம்பர் 7 அன்று வந்த முதல் இம்பீச்மென்ட் முயற்சியை, ஆளுங்கட்சிக்காரர்கள் அவையை விட்டு வெளியேறித் தோற்கடித்தார்கள். ஒரே வாரம், டிசம்பர் 14 அன்று 204 ஓட்டு விழுந்தது, தேவை 200. ராணுவம் யார் சொல்லுக்கு அசைகிறதோ அவரே குற்றவாளி என்றால் ஆறு மாதம் குழு போட்டு விசாரிக்க நேரம் ஏது?

இங்கே கொரிய ஏற்பாட்டின் ஒரு அம்சம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சபை தீர்மானம் நிறைவேற்றியதுமே அதிபரின் அதிகாரம் நின்றுவிடுகிறது. அதனால் ஆபத்தை உடனே அடக்கிவிட்டு, அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பை நிதானமாக எழுத முடிகிறது. 2017ல் நீக்கப்பட்ட அதிபர் பார்க் குன் ஹேவுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார்கள், யூனுக்கு ஏறத்தாழ நான்கு மாதம், 2025 ஏப்ரல் 4 அன்று 8க்கு 0 என்று நீக்கினார்கள், ஜூன் 3 அன்று புதிய அதிபருக்குத் தேர்தலே நடந்து முடிந்தது. அமெரிக்காவில் இம்பீச் ஆன அதிபர் விசாரணை நடக்கும்போதும் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார், அதனால் அங்கே வேகமும் நிதானமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. முடிவை எழுதுவது நீதிபதிகளா, அடுத்த தேர்தலில் நிற்கப்போகும் அரசியல்வாதிகளா என்ற வித்தியாசமும் பெரிது. நம் நாட்டிலும் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்க 1993 மே மாதம் மக்களவையில் தீர்மானம் வந்தபோது, முடிவு அரசியல்வாதிகள் கையில் இருந்தது: ஆதரவாக 196 ஓட்டு, எதிராக ஒன்றுகூட இல்லை, 205 பேர் ஓட்டே போடாமல் உட்கார்ந்திருந்ததால் தீர்மானம் தோற்றது.

நம் குடியரசுத் தலைவர் பற்றியும் கேட்பீர்கள். 61ஆவது பிரிவு அரசியலமைப்பை மீறினால் நீக்கலாம் என்கிறது, ஒரு அவையின் நாலில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இரண்டு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. 1992ன் 70ஆவது திருத்தத்தால் புதுச்சேரியின் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்கள் 30 பேருக்கும் அவரைத் தேர்ந்தெடுப்பதில் ஓட்டு உண்டு, நீக்குவதில் இல்லை. தேர்ந்தெடுப்பதில் ஓட்டு இல்லாத நியமன எம்.பி.க்களுக்கு நீக்குவதில் உண்டு. இது சரி செய்ய வேண்டிய குறை என்றே நினைக்கிறேன். அமைச்சரவை சொல்வதன்படி நடக்கும் பதவி என்பதால் இங்கே ஆபத்து குறைவு, அவ்வளவுதான்.

கடைசியாக, எண்ணிக்கை சேராது என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன செய்வது? டிரம்பின் முதல் இம்பீச்மென்டை எடுத்துக்கொள்ளுங்கள். உக்ரைனுக்கான ராணுவ உதவியை நிறுத்திவைத்துக்கொண்டு, அடுத்த தேர்தலில் தன்னை எதிர்க்கக்கூடியவர்மேல் விசாரணை கேட்டார் என்பது குற்றச்சாட்டு. என் அளவுகோலின்படி இது தேர்தலைத் தொட்ட குற்றம், நடவடிக்கை எடுத்தது சரிதான். ஆனால் 2019 செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 18க்குள் முடித்தார்கள், முக்கியமான சாட்சிகளுக்காகக் கோர்ட்டில் போராடவில்லை, 2020 ஜனவரி 31 அன்று செனட் சாட்சியே வேண்டாம் என்று 51க்கு 49ல் முடிவெடுத்தது. நிக்சன் காலத்துப் பொறுமை அங்கே தேவைப்பட்டது. ஓட்டு சேராவிட்டாலும் சாட்சிகளை மக்கள் முன்னால் பேச வைத்திருக்க வேண்டும், அந்த வேலையைத்தான் பாதியில் விட்டார்கள்.

வழி மிகக் கடினமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பார்த்தோம். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, பிறகு உச்ச நீதிமன்ற விசாரணை, பிறகு மறுபடி மூன்றில் இரண்டு பங்கு. 1991ல் பிரேமதாசவுக்கு எதிராக வந்த முயற்சி நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டு, பின் கையெழுத்துகள் செல்லாது என்று முடிந்தது. 2022ல் கோத்தபய ராஜபக்சவை இறக்கியது எந்தச் சட்டப் பிரிவும் இல்லை, தெருவில் திரண்ட மக்கள்.

பதவிக்காலம் முடியும் தறுவாயில் குற்றம் நடந்தால்? டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த 2021 ஜனவரி 6 சம்பவத்துக்கு ஜனவரி 13 அன்றே 232க்கு 197 என்று இம்பீச் செய்தார்கள், 20ஆம் தேதி டிரம்ப் பதவி விட்டுப் போனார், செனட் விசாரணை பிப்ரவரி 9ல்தான் தொடங்கியது. போனவரை எப்படி விசாரிப்பது என்று கேட்டவர்களுக்கு எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டியது வாரன் ஹேஸ்டிங்ஸை. 1783ல் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். 1785ல் பதவியை விட்டுப் போனபின் லண்டனில் இம்பீச் ஆனார், விசாரணை 1788ல் தொடங்கி 1795ல் விடுதலையில் முடிந்தது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதியபோது ஜார்ஜ் மேசன் அவர் பெயரையே சொல்லி, தேசத்துரோகம் என்று மட்டும் எழுதினால் இப்படிப்பட்ட ஆள் மாட்ட மாட்டார் என்று வாதாடினார். ஆக, போனவரை விசாரிக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2021 பிப்ரவரி 13 அன்று 57 பேர் குற்றவாளி என்றார்கள், 43 பேர் இல்லை என்றார்கள். மறுபடி பதவிக்கு வரத் தடை போட சாதாரணப் பெரும்பான்மை போதும், அந்த 57 தாராளமாகப் போதும். ஆனால் முதலில் குற்றவாளி என்று தீர்மானிக்க 67 வேண்டும். பத்து ஓட்டுக் குறைந்தது, 2024ல் அவர் மறுபடி நின்று ஜெயித்தார்.